தலையணை டாக்டரின் முழங்கை

“வாழ்நாளில் எவர் முன்னும் குனியாத மாமனிதர் இதோ...” என்று முழங்கிய தலைமை அறுவை மருத்துவர், அடுத்த சொல் அகப்படாமல் சவப்பெட்டியின் விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

மாமனிதர் குனிந்தே காலம் கழித்தவர். மயக்க மருந்து கொடுத்த கையோடு மேஜையைச் சுற்றிக் குனிந்து குனிந்து, நோயாளியின் முழங்கைக்கும் குதிகாலுக்கும் மெத்தை வைத்துக்கொண்டே இருப்பார். மயங்கிக் கிடப்பவன் நரம்பு நசுங்கினாலும் சொல்லமாட்டானே என்று கவலை. ஆஸ்பத்திரியில் பெயரே தலையணை டாக்டர். தலைமை மருத்துவரிடம் அவர் காலமெல்லாம் கெஞ்சியது ஒன்றுதான்: “சார், சாயாதீங்க. அது மேஜை இல்ல, ஆளோட நெஞ்சு. அவர் மூச்சு விடணும்.”

இப்போதும் சார் சாய்ந்துதான் நின்றார்.

முன்வரிசையில் தலையணை டாக்டரின் மகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. காலையிலேயே அத்தை அவள் கையில் கைக்குட்டையைத் திணித்திருந்தாள். “எல்லாரும் பாக்கறாங்க, ரெண்டு சொட்டாவது விடுடி. கல்லுன்னு பேசுவாங்க.” வந்தால் விடமாட்டாளா? அப்பா போனதிலிருந்து அழுகை வரவேயில்லை. அவளுக்கே பயமாக இருந்தது. கடைசியில் வந்தது இது.

கால்மேல் போட்ட காலை எடுக்காமல், முகத்தை மடியில் புதைத்துக்கொண்டாள். உரை நீண்டது.

தலை தாழ்ந்தே கிடந்தால் ரத்தம் இறங்கி முகம் வீங்கும், கண் சிவக்கும். முழங்காலோர நரம்பு அழுந்தினால் பாதம் மரத்துப்போகும். சட்டென்று நிமிர்த்தினால் ரத்த அழுத்தம் விழும். அப்பா சாப்பிடும்போதுகூட எடுத்த பாடம்.

“மூடப்போறாங்க, எழுந்திரு” என்றாள் அத்தை. எழுந்தாள். மூன்றும் ஒன்றாக நடந்தன. பெட்டிமேல் சரிந்தாள்.

“பாத்தீங்களா! பெத்தவர்மேல உள்ள பாசம் எங்க போகும்?” அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. “கண்ணப் பாருங்க, அழுது அழுது எப்படிச் செவந்திருக்கு!”

தலைமை மருத்துவர் நாடி பிடித்தார். “துக்கம். வேற ஒண்ணுமில்ல.”

“சார், கால் மரத்துப்போச்சு.”

“பேசாதம்மா. அழு.”

கவிழ்ந்த வாக்கில் அவள் பார்த்தாள். அப்பாவின் வலது முழங்கை வெறும் பலகையில் அழுந்திக் கிடந்தது.

“இப்படியா வைப்பாங்க...” என்று முணுமுணுத்து, அந்தக் கையை மெல்லத் தூக்கி, அடியில் கைக்குட்டையைச் செருகினாள். உயரம் சரியாக இருந்தது.

அத்தை நாலாக மடித்துக் கொடுத்தது. மடிப்பு கலையவேயில்லை.