மூன்றாவது விண்ணப்பதாரி

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, லண்டனிலிருந்து வியாழக்கிழமை நேர்முகத்துக்கு நேரில் வருவேன் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்ன ஆள், வரவில்லை என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டார். மர்ளியா அதை அச்செடுத்துக்கொண்டு பீடாதிபதி குலசேகரத்தின் அறைக்குப் போனாள்.

கண்டக்குழிக் கரையில் கொழும்புத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்று கிளை திறந்து மூன்று வருடம். சண்டை முடிந்து, கல்பிட்டிப் பக்கம் ஹோட்டல்காரர் காணிக்கு நாயாய் அலைந்த காலம். அந்த அலைச்சலைப் பார்த்துத்தான் 'ஆதன அபிவிருத்தி முதுமாணி' என்று ஒரு படிப்பைத் தொடங்கினார்கள். காணி வாங்கவும், கட்டவும், விற்கவும் படிப்பிக்கிற படிப்பு. அதற்கு ஒரு பணிப்பாளர் தேவை. யார் அந்தப் பணிப்பாளர் என்பது விளம்பரம் போட முதலே முடிந்த கதை. பெரிய முதலாளியின் மருமகன் கஜமுகன். ஆனாலும் விதி என்று ஒன்று இருந்தது: மூன்று பேராவது நேரில் வந்து நேர்முகத்தில் இருக்காவிட்டால் நியமனம் செல்லாது.

"மூண்டு கதிரையிலயும் ஆள் இருக்கோணும் பிள்ளை," என்றார் குலசேகரம். "விண்ணப்ப முடிவுத் திகதியை ஒரு நாள் நீட்டிவிடுறன். வியாழனுக்கிடையில ஒராளைப் பிடி."

"எங்கயிருந்து சேர்?"

"இந்தக் கரையில காணி தெரிஞ்ச, படிச்ச மனிசன் ஒருத்தனும் இல்லையோ? வெல்லத் தேவையில்லை. வந்து இருந்து, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனாக் காணும்." மேசையில் கிடந்த கோப்பு ஒன்றை விரலால் தட்டினார். "உம்மட நிரந்தர நியமனமும் இந்தக் கிழமைதான் என்ர கையெழுத்துக்கு வருது."

மர்ளியா தகுதிகாண் எழுதுவினைஞர். கையெழுத்து விழுந்தால் நிரந்தரம். விழாவிட்டால் மாத முடிவோடு வீட்டுக்கு. சவூதிக்குப் போன கணவன் அங்கேயே இன்னொரு குடும்பம் கட்டிக்கொண்ட பிறகு, இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் சோறு இந்தக் கந்தோரில்தான் வெந்தது.

அவளுக்கு மஹ்ரூபின் நினைவு வந்தது.

மஹ்ரூப் அவளுடைய ராத்தா ஸுஹைராவின் கணவர். குறிஞ்சிப்பிட்டியில் வாப்பா கொடுத்த வளவுக்குள் இரண்டு சகோதரிகளுக்கும் அடுத்தடுத்து வீடு. மஹ்ரூப் கொழும்பில் முதுமாணி முடித்து, மன்னாரில் காணி மதிப்பீட்டாளராக இருந்தவர். தொண்ணூறில் அங்கிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது உடுத்த சாரத்தோடு வந்து இறங்கினார். இப்போது வங்கி ஒன்றுக்காகக் காணி மதிப்புப் பார்த்து, அதில் வருவதைக் கொண்டு காலம் தள்ளுகிறார்.

"எனக்கா? பணிப்பாளர் வேலையா?" என்று சிரித்தார் மஹ்ரூப். "என்ட சேர்ட்டிபிக்கட்டெல்லாம் மன்னார்லயே தொலஞ்சி பெய்த்தே. போட்டோ கொப்பி ஒண்டுதான் இரிக்கி."

"கொப்பி போதும் மச்சான். விண்ணப்பத்தப் பாரமெடுக்கிறதே நான்தானே."

"ஆள முடிவெடுத்திட்டு, சும்மா கதிர நிரப்பக் கூப்பிடுறாங்களோ? உண்மையச் சொல்லு."

"சீ! என்ன கதை இது?" என்றாள் மர்ளியா. கண்ணைக்கூடத் தாழ்த்தவில்லை.

ஸுஹைரா அதற்குமேல் பொறுக்கவில்லை. "அந்தாளுக்கு நல்லது சொன்னாலும் சந்தேகம்தான். நீ விண்ணப்பப் பாரத்தக் குடு மர்ளியா, நான் ஒப்பம் வைக்க வைக்கிறன்." அன்று அஸர் தொழுகைக்கு முன்பே பக்கத்து வீட்டு சித்தி மரியம் தொடக்கம் பள்ளிவாசல் சந்தி வரை, மஹ்ரூப் பணிப்பாளராகிவிட்டார்.

வியாழக்கிழமை நேர்முகக் குழுவில் மூன்று பேர். குலசேகரம் தலைவர். முதலாளி சார்பில் றிஸ்மின். வெளியிலிருந்து வந்த பேராசிரியை இராசமணி. கூட்டக் குறிப்பு எழுத மர்ளியா மூலையில் இருந்தாள்.

கஜமுகன் திரையில் படம் காட்டினான். நீலக்கடல், வெள்ளைக் கட்டடம், நீச்சல் குளம். அடுத்தவர் சிலாபத்து ஓய்வுபெற்ற விரிவுரையாளர். எதைக் கேட்டாலும் கனடாவில் இருக்கும் மகனில் போய் முடித்தார். கடைசியில் மஹ்ரூப் வந்தார், இரவல் கோட்டோடு. அதன் கை விரல் நுனி வரை இறங்கிக் கிடந்தது.

"கோட்டுக்குள்ள ஆள் இருக்கிறாரோ?" என்றார் குலசேகரம். றிஸ்மின் வாய்விட்டுச் சிரித்தார்.

"தேடினா அம்பிடும் சேர்," என்றார் மஹ்ரூப்.

இராசமணி மட்டும் சிரிக்கவில்லை. "இந்தக் கரையில அறுபது அறை ஹோட்டலுக்கு ஒரு காணி. மாணவனுக்கு முதல் என்ன படிப்பிப்பீங்கள்? காணி உறுதிப் பத்திரம் பார்க்கவோ, எல்லை பார்க்கவோ?"

"கிணத்துத் தண்ணியக் குடிச்சுப் பாக்கச் சொல்லுவன் மிஸ். இங்க மண்ணுக்குக் கீழ நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேலதான் மிதக்குது. அறுபது அறைக்கு மோட்டர் போட்டு இழுத்தா, உப்பு மேல வந்திரும். பிறகு ஹோட்டலுக்கும் தண்ணியில்ல, பக்கத்துத் தோட்டத்துக்கும் தண்ணியில்ல. உறுதி சுத்தமா இரிக்கும், காணிக்குப் பெறுமதி இரிக்காது. உறுதிய நொத்தாரிசு பாப்பார். தண்ணியப் பாக்கிறதுக்குத்தான் படிப்பு வேணும்."

இராசமணி கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். பத்து நிமிடத்துக்கு என்று ஒதுக்கியது நாற்பது நிமிடம் போனது. மஹ்ரூப் இப்படிப் பேசி மர்ளியா ஒரு நாளும் கேட்டதில்லை.

புள்ளிகளைக் கூட்டினாள். குலசேகரமும் றிஸ்மினும் கஜமுகனுக்கு எண்பது எண்பது போட்டு, மஹ்ரூபுக்கு மரியாதைக்கு அறுபது அறுபது போட்டிருந்தார்கள். இராசமணி கஜமுகனுக்கு முப்பத்தைந்து, மஹ்ரூபுக்குத் தொண்ணூறு. பதினைந்து புள்ளியால் மஹ்ரூப் முன்னுக்கு நின்றார்.

குலசேகரம் அந்தத் தாளைப் பார்த்தார். பிறகு மஹ்ரூபின் கோப்பை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"மூலச் சான்றிதழ் எங்க, பிள்ளை?"

"கொப்பிதான் சேர். சமாதான நீதவான் ஒப்பம் வச்சது."

"விளம்பரத்தில என்ன கேட்டனாங்கள்?"

அவளே தட்டெழுதிய விளம்பரம். "மூலச் சான்றிதழ் சேர்."

"அப்ப ஒண்டில் கந்தோர் பிழை விட்டிருக்கு, இல்லாட்டி இவர் பொய் சொல்லிப் பூந்திருக்கிறார். எது?"

"தொண்ணூறில மன்னாரால துரத்தப்பட்டு வந்த மனிசன்," என்றார் இராசமணி. "சான்றிதழுக்கு எங்க போறது?"

"நானும் தொண்ணூற்றைஞ்சில யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தனான் மிஸ். சான்றிதழை வயித்தோட கட்டிக்கொண்டு நடந்தனான். கவனமானவன் கொண்டு வருவான்." குலசேகரம் திரும்பினார். "எது, பிள்ளை?"

"இருக்கு, நேர்முகத்துக்குக் கொண்டு வாறன் எண்டு சொன்னார் சேர்," என்றாள் மர்ளியா.

மஹ்ரூபைத் திரும்பக் கூப்பிட்டார்கள். வேலை கிடைத்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, மலர்ந்த முகத்தோடு வந்தார்.

"மூலச் சான்றிதழ் இருக்கெண்டு கந்தோருக்குச் சொன்னனீங்களோ?"

"இல்லையே சேர். கொப்பி போதுமெண்டு மர்ளியாதான் சொன்னா. அவவுக்கு எல்லாம் தெரியும். என்ட பொஞ்சாதிட தங்கச்சிதானே."

றிஸ்மின் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். குலசேகரத்தின் புருவம் ஏறியது. "சொந்தமோ? சொந்தக்காரர் விண்ணப்பிச்சா முதலே எழுதித் தரோணும், மறைச்சா வேலை போகும். தெரியும்தானே பிள்ளை?"

"சொந்தமில்ல சேர்." மர்ளியாவின் குரல் தெளிவாக வந்தது. "ஊர்ல தெரிஞ்ச ஆள். வீடு தேடி வந்து கெஞ்சினார். பாவமெண்டு பாரத்தை எடுத்தன்."

மஹ்ரூப் அவளைப் பார்த்தார். கோட்டுக் கைக்குள்ளிருந்து விரல்களை வெளியே எடுத்து, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"என்ட பிழைதான் சேர்," என்றார் கடைசியில். "பதட்டத்தில உளறிட்டன்."

இராசமணி பேனாவை எடுத்தார். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

கடிதத்தைக் குலசேகரம் சொல்லச் சொல்ல மர்ளியா தட்டெழுதினாள். பொய்யான தகவல் கொடுத்து விண்ணப்பித்த காரணத்தால் நிராகரிக்கப்படுகிறது. ஐந்து வருடத்துக்கு எந்தப் பதவிக்கும் விண்ணப்பிக்க முடியாது. கீழே, பிரதி: அவர் மதிப்பீட்டாளராகப் பணிபுரியும் வங்கியின் முகாமையாளருக்கு. அந்த வரிக்கு வந்ததும் அவள் கை நின்றது.

"என்ன?"

"ஒண்டுமில்ல சேர். முகவரி யோசிச்சன்."

முகவரியைச் சரியாகப் போட்டாள். குலசேகரம் அதில் கையெழுத்து வைத்து, அதே பேனாவால் அவளுடைய நியமனத்திலும் வைத்தார். "உங்கட ஊர் ஆள்தானே. தபாலில விடாமல் நீரே குடுத்து, கிடைச்சதெண்டு ஒப்பம் வாங்கி வாரும். திகதி முக்கியம். பிறகு வழக்குக் கிழக்கெண்டு வரக்கூடாது."

பின்னேரம் அவள் வளவுக்குள் நுழைந்தபோது ஸுஹைரா வாசலிலேயே நின்றாள். மர்ளியாவின் கையில் இருந்த முத்திரை குத்திய பெரிய உறையைக் கண்டதும் கையிரண்டையும் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"அல்லாஹ்! கையோட கொண்டு வந்திட்டியா? எனக்குத் தெரியும், நீ விடமாட்டாய் எண்டு. என்ட தங்கச்சி!" மர்ளியாவைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சிவிட்டு, செருப்பைக்கூடப் போடாமல் வேலிப்பக்கம் ஓடினாள்.

மஹ்ரூப் உள்ளே கதிரையில் இருந்தார். மடித்த கோட்டு மடியில் கிடந்தது. உறையைப் பிரித்து, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். 'பிரதி' என்ற இடத்தில் அவர் விரல் நெடுநேரம் கிடந்தது.

மர்ளியா ஒப்பப் புத்தகத்தை விரித்து நீட்டினாள்.

"பேனை இரிக்கா?" என்று கேட்டார்.

கொடுத்தாள். அவர் ஒப்பம் வைத்துவிட்டுப் புத்தகத்தைத் தள்ளினார். வெளியே வேலிக்கு மேலால் ஸுஹைராவின் குரல் கேட்டது. "சித்தி மரியம்! ஓய் சித்தி மரியம்! கெதியா வாங்க, கடிதம் வந்திட்டு!"

மர்ளியா புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். திரும்ப அவர் முன்னால் வைத்தாள்.

"திகதியையும் போடுங்க மச்சான்," என்றாள்.