எதிர்பாராதது

இரண்டு வருடங்களுக்கு முன்புதான் சுலக்ஷனாவுக்கு எழுதப் பயம் வந்தது. டயகமவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் விட்டுச்செல்லும் குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் வைத்துப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. தோட்டத்துக்கென்று ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் தொடங்கி, பஸ் ஓடாத நாள், தண்ணீர் வராத லயத்து வீடு, மரண அறிவித்தல் என்று எல்லாவற்றையும் பேசுகிற மாதிரியே எழுதிப் போட்டு வந்தாள். கொழும்பில் வேலை செய்யும் ஒருவன் அவளுடைய எழுத்துப் பிழைகளைச் சிவப்பில் வட்டமிட்டுப் படமாகப் போட்டான். நூறு பேருக்கு மேல் சிரித்தார்கள். அதன் பிறகு அவள் விஷயத்தை ஃபோனிலிருந்த ஏஐயிடம் சொல்லுவாள். அது எழுதித் தருவதை அப்படியே போடுவாள். யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் மாதிரி எழுதுறீங்க என்றுகூடச் சொன்னார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழாம் நம்பர் மலையில் குளவிக் கூடு கலைந்து, காளியாயி செத்துப்போனாள். ஐம்பத்துமூன்று வயது. சுலக்ஷனாவின் வீட்டுக்கு இரண்டு காம்பரா தள்ளி இருந்தவள்.

கேள்விப்பட்டதையெல்லாம் சுலக்ஷனா அழுதுகொண்டே ஃபோனில் தட்டினாள். வந்த எழுத்து இப்படி இருந்தது: "தேயிலை அன்னையின் மடியில் ஒரு மலர் உதிர்ந்தது. தன் வியர்வையால் மலைகளைப் பசுமையாக்கிய காளியாயி அம்மையார், எதிர்பாராத அனர்த்தத்தில் எம்மை விட்டுப் பிரிந்தார். அவரது புன்னகை என்றும் எம் நெஞ்சில் வாழும்." கூட்டைப் பற்றி அவள் சொல்லியிருந்தது அதில் இல்லை. அவள் அதைக் கவனித்தாள். ஆனாலும் படிக்க அழகாக இருந்தது, போட்டுவிட்டாள். மாலைக்குள் ஆயிரம் பேர் பார்த்திருந்தார்கள்.

மறுநாள் உடலை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகு, காளியாயியின் கணவர் ஆண்டியப்பன் அவளைக் கூப்பிட்டார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

"என்னமோ எழுதிருக்கியாமே புள்ள. படி, கேப்போம்."

அவள் படித்தாள். அவர் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"இது யாரப் பத்தி?"

"நம்ம அத்தையப் பத்திதான் மாமா."

"அவ எங்க சிரிச்சா? பல்லு வலியில ரெண்டு வருசமா வாயத் தொறந்து சிரிச்சதில்ல." பிறகு கேட்டார்: "எதிர்பாராததுன்னா?"

"யாரும் நெனச்சுப் பாக்காதது."

"அவ நெனச்சுப் பாத்தாளே. கூடு பெருசாயிருச்சுன்னு கண்டாக்கையாகிட்ட ரெண்டு தடவ சொன்னா. ஒனக்கும் தெரியுமே."

தெரியும். மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கிடம் காளியாயி சொன்னதை அவளே ஏஐயிடம் தட்டியிருந்தாள்.

அங்கிருந்து நேரே பிரேமினியின் வீட்டுக்குப் போனாள். காளியாயியோடு ஒரே நிரையில் கொழுந்தெடுத்தவள் பிரேமினி. முகம் வீங்கி ஒரு கண் மூடிக் கிடந்தது. அவள் சொல்லச் சொல்ல, சுலக்ஷனா பிள்ளைக்காம்பரா கொப்பியில் பேனாவால் எழுதினாள்.

"காளியாயி அத்தை குளவி கொட்டி செத்துப் போனாங்க. கூடு இருக்குன்னு ரெண்டு தடவ சொன்னாங்க. யாரும் கலைக்கல. குளவி வந்தப்ப பிரேமினி விழுந்துட்டா. அத்தை ஓடியிருக்கலாம். ஓடல. இடுப்புல கட்டிருந்த படங்குச் சாக்க அவுத்து அவ மேல போத்தி, அது வெலகாம அது மேலயே படுத்துக்கிட்டாங்க. பிரேமினி இருக்கா. அத்தை இல்ல."

அதை ஃபோனில் தட்டி, எழுத்துப் பிழையை மட்டும் திருத்தித் தா, ஒரு சொல்லையும் மாற்றாதே என்று ஏஐயிடம் கொடுத்தாள். பிழைகளைத் திருத்திய கையோடு, செத்துப் போனாங்க என்பதை இயற்கை எய்தினார் என்று மாற்றியிருந்தது. அதை மட்டும் பழையபடி ஆக்கி, முதல் பதிவை அழித்துவிட்டு, இதைப் போட்டாள்.

வியாழக்கிழமை காலை தோட்டத்துக் கிளாக்கர் பிள்ளைக்காம்பரா வாசலுக்கே வந்தார்.

"அத எடுத்துரும்மா. தொர பாத்துட்டாரு."

"அதுல பொய் ஏதும் இருக்குங்களா?"

"பொய்யின்னு நான் சொல்லல. மொதல்ல போட்டது நல்லாத்தானே இருந்துச்சு?"

"அது நான் எழுதுனது இல்லீங்க."

அவர் தொட்டிலில் கிடந்த குழந்தையைச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் பெண்களை மறுபடியும் ஏழாம் நம்பருக்குப் போகச் சொன்னார்கள். யாரும் அசையவில்லை. ஒருத்தி ஃபோனை எடுத்து அந்தப் பதிவை உரக்க வாசித்தாள். கண்டாக்கு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மறுநாள் உடம்பை முழுக்க மூடிய உடுப்போடு ஆட்கள் வந்து, அந்த மலையிலிருந்த மூன்று கூடுகளை அகற்றினார்கள்.

அடுத்த கிழமையே சுலக்ஷனாவைக் கீழ்ப்பிரிவுக்கு மாற்றிக் கடிதம் வந்தது. நடந்து இறங்கிப் போக ஒரு மணி நேரம், ஏறி வர ஒன்றரை மணி நேரம். அவள் போனாள்.

காளியாயியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஆண்டியப்பன் சுலக்ஷனாவைக் கூப்பிட்டு அந்தப் பதிவை வாசிக்கச் சொன்னார். வாசித்து முடித்தபோது அவர் தலையாட்டவில்லை.

"ஒண்ணு விட்டுப்போச்சு புள்ள."

"சொல்லுங்க மாமா."

"மூணாவது தடவ, பெரிய தொரகிட்டயே சொல்லப் போறேன்னு கெளம்புனா. நமக்கு எதுக்கு வீண் பகைன்னு நான்தான் கையப் புடிச்சு உக்கார வச்சேன். அது நடந்தது ஞாயித்துக்கெழம, அவ சாகுறதுக்கு ரெண்டு நாள் முந்தி."

"அத வேணாம் மாமா," என்றாள் சுலக்ஷனா.

"எழுது. நான் சொன்ன மாதிரியே எழுது."

அவள் எழுதினாள். அவர் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கைப்புடிச்சு என்று வாசித்தபோது இடைமறித்து, "கையப் புடிச்சு" என்றார். அவள் மாற்றினாள்.

"போடு," என்று சொல்லிவிட்டு, பந்தல் கயிற்றை அவிழ்க்க எழுந்து போனார்.