ஐந்து பதினேழுக்கு விழுந்த கோடு

1

இந்தக் கதை ஒரு வரைபடத்தில் இருந்து வந்தது. காரைக்குடியில் இயற்பியல் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் (கதைக்குள் ஜனனி என்று வைத்துக்கொள்வோம்) தன் மடிக்கணினியில் அதைக் காட்டினாள். நீளமாக ஒரு கோடு, நடுவில் ஒரு மேடு, பிறகு செங்குத்தாக ஒரு வீழ்ச்சி. அதைப் பார்த்ததில் இருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. பயத்தை யார் தலையிலாவது இறக்கி வைக்க வேண்டும். நீங்கள் அகப்பட்டீர்கள்.

2

'அண்டத்தின் முடிவற்ற இருளில் இருந்து ஒரு குரல் –'

அடித்துவிட்டேன். ரேடியோ வானியல் என்றதும் எழுதுகிறவர்களுக்கு வரும் வியாதி இது.

நடந்தது எளிமையானது. கொத்தமங்கலத்தில், பெரியப்பா முத்துராமலிங்கத்தின் கடலைக் கொல்லை ஓரத்தில் ஜனனி இரண்டு ஆன்டெனாக்களை நட்டிருந்தாள். சிக்னஸ் ஏ என்ற விண்மீன் மண்டலம் உச்சிக்கு வரும்போது, குறைந்த அதிர்வெண்ணில் அதிலிருந்து எவ்வளவு ரேடியோ அலை வருகிறது என்று அளக்க வேண்டும். சித்திரையில் அது விடியலுக்கு முன் வரும். அதே ஊரில் இருக்கும் வீட்டில் இருந்தபடியே கணினியில் பார்க்கலாம்.

ஐந்து நாள் அளந்தாள். ஐந்து நாளும் கோட்டில் மேடு அழகாக எழுந்தது. திங்கட்கிழமை பேராசிரியருக்கு, 'அளந்துவிட்டேன்' என்று மின்னஞ்சல் போட்டாள்.

3

[அடிக்குறிப்பாக வர வேண்டியது. அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை என்பதால் இங்கே: வானத்தில் இருப்பது தினமும் நான்கு நிமிடம் முன்னதாக உச்சிக்கு வரும். தினமும் அதே மணிக்கு வருவது மண்ணில் இருப்பது.]

செவ்வாய்க்கிழமைதான் ஐந்து நாள் கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தாள். ஐந்து மேடும் சரியாக நாலரைக்குத் தொடங்கின. இம்மியும் நகரவில்லை. நாலரைக்குத்தான் அந்தப் பக்கம் மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் விடுவார்கள்.

கொல்லைக்கு ஓடினாள். ஆன்டெனா நட்ட அன்று இல்லாத ஒரு மெல்லிய கம்பி, வரப்பை ஒட்டி முழங்கால் உயரத்தில், மோட்டார் கொட்டகை வரை போனது. புல் உரசிய இடங்கள் கருகியிருந்தன. அங்கே தெறித்த பொறியின் இரைச்சலைத்தான் வானம் என்று எழுதி அனுப்பியிருந்தாள்.

4

"என்ன பெரியப்பா, வேலியில கரண்டு விட்டிருக்கீகளா?"

"பன்னி பூராத்தையும் கிண்டிப்புடுது தாயி. ஆறு மணிக்கு அணைச்சிருவேன்."

"நாளைக்கு விடியக்காலம் பால்குடம் அங்குட்டுத்தான வருது? அம்மாவும் எடுக்குறாக."

"எனக்குத் தெரியாதா? சாயங்காலமே கழட்டிப்புடுறேன். வெளியில சொல்லிப்புடாத. போலீசு வந்தா ஒன் கம்பியையும் சேத்துப் பிடுங்கிருவாக."

அவள் சொல்லவில்லை. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

5

முத்துராமலிங்கத்தைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். வரவில்லை. அன்று மாலை கோவிலில் பந்தல் போட ஆள் குறைந்தது. கூப்பிட்டார்கள், போனார். அங்கிருந்து திரும்பும்போது கொல்லைப் பக்கம்

(இந்த வரியை முடிக்க எனக்குத் தைரியம் இல்லை.)

ஜனனியை இன்னொரு முறை கொல்லைக்கு அனுப்பியிருக்கலாம். எனக்கு அது ஒரே ஒரு வரி. நானும் அனுப்பவில்லை.

6

மறுநாள் அம்மா பொன்னுத்தாயி நாலே முக்காலுக்குக் கிளம்பினார். தலைக்குக் குளித்து, ஈரச்சேலையோடு, செருப்பில்லாமல், இடுப்பில் பித்தளைக் குடம். விரதம் என்று போனை அலமாரியிலேயே வைத்துவிட்டார்.

ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு ஜனனி கணினியைத் திறந்தாள். மேடு இருந்தது.

பெரியப்பாவுக்குப் போன் அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தாள். தூரத்தில் கொட்டுச் சத்தம் கொல்லைப் பக்கம் திரும்புவது கேட்டது.

ஐந்து பதினேழுக்குக் கோடு செங்குத்தாக விழுந்தது.

7

பெரியப்பாவுக்கு நினைவு வந்து ஓடிப்போய் சுவிட்சை அணைத்திருந்தால் கோடு இப்படித்தான் விழும். ஒரு ஈரச்சேலை கம்பியில் பட்டு ஃபியூஸ் போயிருந்தாலும் இப்படித்தான் விழும். கருவிக்கு இரண்டும் ஒன்று.

இரண்டு முடிவுகளும் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் பொன்னுத்தாயி வீட்டுக்கு வந்து, வாசல் திறந்து கிடக்கிறதே என்று மகளைத் திட்டுகிறார். மற்றதைத் தரமாட்டேன். படம் காட்டிய பெண்ணிடம், "அப்புறம்?" என்று கேட்டேன். அவள் கணினியை மூடிவிட்டாள்.

ஜனனி செருப்புப் போடாமல் வாசலைத் தாண்டிவிட்டாள். கொல்லைக்கு அரை கிலோமீட்டர். கொட்டுச் சத்தம் கேட்கிறதா, நின்றுவிட்டதா என்று அவள் மூச்சிரைப்பில் தெரியவில்லை. எனக்கு இதற்குமேல் கால் வரவில்லை. நீங்கள் அவளோடு ஓடுங்கள்.