பெனினாவின் காகிதக் கொடி

கண் ஆபரேஷன் முடிந்து கெதல்யா ஹைஃபாவிலிருந்த தன் வீட்டுக்குத் திரும்பியபோது, காகிதக் கொடிகள் வைத்திருந்த பெட்டி பாதி காலியாக இருந்தது.

யூத வேதமான தோராவைக் கொண்டாடும் திருநாளில் குழந்தைகள் ஜெப ஆலயத்தில் ஆட்டிக்கொண்டு ஆடும் கொடிகள். விழா முடிந்ததும் குப்பைக்குப் போகிறவற்றை முப்பது வருஷமாகத் தேடித் தேடிச் சேர்த்தவர் அவர். மற்றவை போனால் போகட்டும். படத்தின் மேல் திறந்து மூடும்படி ஒட்டிய காகிதக் கதவு பிய்ந்துபோன அந்த ஒரு கொடி எங்கே? இறந்துபோன மனைவி பெனினா ஏழு வயதில் பிடித்து ஆடியது. பின்பக்கம் பென்சிலில் கோணல்மாணலாக அவள் பெயர். சிறுமி பெனினாவிடமிருந்து அவருக்கு மிஞ்சியது அது ஒன்றுதான்.

பஸ்கா பண்டிகைக்கு முன் வீட்டைச் சுத்தம் செய்து கொடுக்க பெனினாவின் அக்கா புரூரியா வந்திருந்தாள்.

“வேதவசனம் அச்சடிச்ச காகிதத்தைச் செருப்புப் பெட்டியிலயா வைப்பாங்க? புத்தி இருக்கா உனக்கு? கிழிஞ்சதையெல்லாம் வெள்ளைத் துணியில சுத்தி ஜெப ஆலயத்துல பழைய வேதக் காகிதம் போடுற பெட்டியில போட்டுட்டேன். மரியாதையா மண்ணுக்குப் போகட்டும்.”

கண்கட்டோடு ஓடினார். ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் நிஸ்ஸிம் கையை விரித்தான்.

“நேத்தே வண்டி வந்துடுச்சு ஐயா. முப்பது மூட்டை. கல்லறைத் தோட்டத்துல குழியை மூடியாச்சு.”

“தோண்டினா?”

“நல்லா கேட்டீங்க! மனுஷனைப் புதைச்ச மாதிரிதானே அதுவும்? நம்ம குரு ரப்பிகிட்டப் போய்க் கேட்டா, உங்களையும் சேர்த்துப் புதைக்கச் சொல்லுவாரு.” சிரித்தவன் அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். கையைப் பிடித்து வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டான்.

“அந்தக் கொடிங்க பின்பக்கம் ஏதாவது பாத்தீங்களா அக்கா?” என்று உள்ளே வந்ததும் புரூரியாவிடம் கேட்டார்.

“எதுக்குப் பாக்கணும்? ஒவ்வொண்ணுக்கும் முத்தம் குடுத்துதான் வச்சேன். கதவு பிஞ்சது ஒண்ணு இருந்துச்சே, பாவமா இருந்துச்சு, அதுக்கு மட்டும் ரெண்டு முத்தம்.”

கெதல்யா வாயைத் திறந்தார். மண்ணுக்குள் போனது திரும்பாது. சொன்னால், தங்கையைத் தன் கையாலேயே மறுபடி புதைத்துவிட்டேனே என்று இந்த மனுஷி சாகும்வரை அழுவாள். சொல்லாமல் இருப்பது ஒன்றுதான் அவரால் முடிந்தது.

“நல்லதுதான் பண்ணீங்க அக்கா.”

“பின்ன? உக்காரு, சூப் ஆறுது.”

உட்கார்ந்தார். கிண்ணத்தை முன்னால் இழுத்துக்கொண்டார். அவள் இன்னொரு கரண்டி ஊற்றினாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.