மூன்று படிகள், இருபத்தோரு அடி

நாற்பது வருஷம் துணிக்கடையில் இரும்புக் கஜக்கோலைப் பிடித்தபடி நின்றவர். ஆளும் ஏறக்குறைய அதே பருமன்தான். ஊரில் அவருக்குக் கஜக்கோல் என்றே பேர் நிலைத்துவிட்டது. கடையை விற்றுவிட்டு, ஊருக்கு வெளியே தோட்டத்து வீட்டில் மனைவியோடு இருந்தார். சொந்தக் கையால் ஓர் ஆணி அடித்தவர் இல்லை. அடிக்க ஆள் பிடிப்பதிலும், அந்த ஆளிடம் கூலியைக் குறைப்பதிலும்தான் அவருக்குத் தேர்ச்சி.

அப்பேர்ப்பட்டவர் ஒரு திங்கட்கிழமை காலை மரக்கடை வாசலில் போய் நின்றதற்குக் காரணம், அவர் வீட்டு முன்னால் இருந்த மூன்று படிகள்.

மனைவிக்குத் தொடை எலும்பு முறிந்து மூன்று வாரமாக ஆஸ்பத்திரி. சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஆறு மாசமோ மேலேயோ, சக்கர நாற்காலிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நகரத்தில் இருந்த மகள் உடனே, "எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்பா. லிஃப்ட் இருக்கு, ஒரு படி கிடையாது" என்றாள்.

"எதுக்கு? நாலு பேரைக் கூப்பிட்டா அலாக்காத் தூக்கி உள்ள விட்டுடுவாங்க" என்றார் கஜக்கோல்.

கட்டிலில் கிடந்தவள் முகத்தைத் திருப்பினாள். "என்னை மூட்டை மாதிரித் தூக்குற வீட்டுக்கு நான் வரலைங்க. நானா உள்ள போகணும், நானா வெளிய வரணும். இல்லைன்னா இவகூடப் போறேன். கொஞ்ச நாளைக்குத்தானே?"

அந்தக் 'கொஞ்ச நாளை' அவர் நன்றாக அறிவார். கொஞ்ச நாளில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சேலையை ஒதுக்கி வைக்கச் சொல்லிவிட்டுப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள்? தச்சரைக் கூப்பிட்டார். அடுத்த மாசம் பார்க்கலாம் என்றார் தச்சர். அவ்வளவுதான், வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார் கஜக்கோல்.

மரக்கடை நடத்துகிறவள் நாற்பது வயதுக்காரி. கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். பேச்சில் அவருக்குச் சளைத்தவள் அல்ல.

"அந்த மூலையில ஒன்பதடிப் பலகை கிடக்குதேம்மா. யாரும் சீந்தலை போலிருக்கு?"

"யாரும் சீந்தாததை நீங்க மட்டும் ஏண்ணே அரைமணி நேரமா தடவிட்டு நிக்கிறீங்க?"

"பாவமா இருந்துச்சு. அநாதையாக் கிடக்கேன்னு."

"அநாதைன்னா சும்மா தூக்கிட்டுப் போகலாம்னு நினைப்பா? எதுக்குப் பலகை?"

"வீட்டு வேலைக்கு" என்று மட்டும் சொன்னார். தேவையைச் சொன்னால் விலை ஏறும் என்பது அவருடைய நாற்பது வருஷப் பாடம். சொல்லியிருந்தால் இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

ஒன்பதடிப் பலகை சல்லிசாகக் கிடைத்ததால் சாய்தளமும் ஒன்பதடிதான் என்று முடிவாகிவிட்டது. செவ்வாய் சாயங்காலம், கட்டைவிரலில் இரண்டு கட்டோடு, முற்றத்திலிருந்து மேல்படி வரை நேராகச் சாய்த்து அடித்து முடித்தார். பார்க்க என்னவோ லட்சணமாகத்தான் இருந்தது. வாடகைக்கு எடுத்து வைத்திருந்த நாற்காலியில் பக்கத்து வீட்டு லாரிக்காரரை உட்கார வைத்து, ஏறிக் காட்டச் சொன்னார்.

லாரிக்காரர் சக்கரத்தை இரண்டு தள்ளு தள்ளினார். மூன்றாவது தள்ளில் முன்சக்கரம் வானத்தைப் பார்த்தது. நாற்காலி அப்படியே பின்னால் மல்லாந்து, அவரைச் சருகுக் குவியலில் கொட்டியது.

"அண்ணே, மலைப்பாதையில இருபது டன் ஏத்துனவன் நான்" என்றார் சருகுக்குள்ளிருந்து. "இந்த மேட்டுல என் லாரியே கையெடுத்துக் கும்பிட்டுத் திரும்பிப் போயிடும். அண்ணிய இதுலயா ஏறச் சொல்றீங்க? அவங்க மேல ஏதாவது கோவமா?"

கஜக்கோல் சிரிக்கவில்லை. அதில் அவள் விழுந்திருந்தால் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். பிறகு கடப்பாரையை எடுத்துவந்து, அடித்த ஆணி அத்தனையையும் இருட்டுவதற்குள் பிடுங்கிப் போட்டார்.

புதன்கிழமை மரக்கடையில் உண்மையைச் சொன்னார். அவள் பென்சிலைக் கொண்டையிலிருந்து உருவினாள்.

"படி உயரம் எவ்வளவு?"

"மூணும் சேர்ந்து இருபத்தோரு அங்குலம்."

"ஒரு அங்குலம் ஏற ஒரு அடி நீளம் வேணும். அப்ப இருபத்தோரு அடி."

"என் முற்றமே பதிமூணு அடிதாம்மா. கொஞ்சம் பார்த்துச் சொல்லு. ஒரு பதினஞ்சுல முடிச்சுக்கலாமா?"

"என்கிட்ட பேரம் பேசுங்க, நானும் பேசுறேன். சரிவுகிட்ட பேசினா அது குப்புறத் தள்ளிடும்ணே."

வாழ்க்கையில் முதல்முறையாக, மேற்கொண்டு பேரம் பேசாமல் சொன்ன அளவை ஒப்புக்கொண்டார் கஜக்கோல். அவளே ஒரு அட்டையில் கோடு போட்டுக் காட்டினாள். முற்றத்தில் நேராகப் போக இடமில்லை என்றால் சுவரை ஒட்டிப் போகட்டும். பத்தரை அடி ஏறி, அங்கே நாற்காலி திரும்ப ஐந்தடிக்கு ஐந்தடி மேடை. அதிலிருந்து திரும்பி இன்னொரு பத்தரை அடி ஏறினால் வாசல். அகலம் மூன்றரை அடி.

"பதினாலு அடிப் பலகை வாங்கிக்கங்க. ஒண்ணுக்கு நாலு துண்டு வரும்."

அவருக்குப் புரிந்த ஒரே கணக்கு அதுதான். பதினாலு அடியில் மூன்றரை அடியாக நாலு. நாலு ரவிக்கைத் துணி வெட்டுவது மாதிரி.

வியாழக்கிழமை விடிந்ததும் பலகையில் மூன்றரை அடிக்கு ஒரு கோடு, வெட்டியபின் மிச்சத்தில் மூன்றரை அடிக்கு அடுத்த கோடு என்று அளந்து அளந்து போட்டார். இரவல் வாங்கிய மின்ரம்பத்தை ஓட்டினார். பத்துப் பலகை, நாற்பது துண்டு. அடுக்கிப் பார்த்தார். நாலில் ஒன்று குட்டை. ஒவ்வொரு பலகையிலும் கடைசித் துண்டு, சுண்டுவிரல் அகலத்துக்குக் குறைந்தது.

மரக்கடைக்குப் போன் போட்டார். "என்னம்மா, பதினாலுன்னு சொல்லி, ஒவ்வொண்ணுலயும் அரை அங்குலம் குறைச்சுக் கட்டிட்டியே! என்கிட்டயேவா?"

 மறுமுனையில் ஒரே சிரிப்பு. "அண்ணே, கீழ குனிஞ்சு பாருங்க. மரத்தூள் கிடக்குதா? நீங்க தேடுற அளவு அதுலதான் இருக்கு. கத்தரிக்கோல் துணியைத் தின்னாது. ரம்பம் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு வாய் தின்னும்."

குனிந்து பார்த்தார். கணுக்கால் வரை மரத்தூள். புதுப் பலகை வாங்கிவர அவகாசமில்லை. துண்டுகளை வெறித்துக்கொண்டு ஒரு பீடி நேரம் உட்கார்ந்திருந்தார். சேலை ஓரம் கோணலாக வந்தால் கடையில் என்ன செய்வோம்? குட்டையானதை வைத்து மற்றதை நறுக்குவோம். முப்பது நீளத் துண்டுகளையும் அந்தப் பத்துக் குட்டைகளின் அளவுக்கு மறுபடி ஓட்டினார். சாய்தளம் ஒரு விரல் அகலம் இளைத்தது. நாற்காலி அதற்காகக் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

வெள்ளிக்கிழமை காலை மகள் கூப்பிட்டாள். "அப்பா, அம்மாவுக்குப் புது மெத்தை வாங்கிப் போட்டாச்சு. நீங்க ரொம்ப அலட்டிக்காதீங்க."

"மெத்தை நல்லா இருந்தா நீயே படுத்துக்க" என்று வைத்துவிட்டார்.

லாரிக்காரர் சட்டங்களைத் தாங்கிப் பிடிக்க, ஸ்க்ரூ ஸ்க்ரூவாக முறுக்கினார். இரண்டு பக்கமும் கைப்பிடிக் கட்டை. மழையில் வழுக்காமலிருக்கப் பெயின்ட் அடித்து, ஈரத்திலேயே சலித்த மணலைத் தூவினார். பொழுது சாயும்போது லாரிக்காரர் கடவுளை வேண்டிக்கொண்டு நாற்காலியில் ஏறி, வாசல்வரை போய்ச் சேர்ந்தார். "இப்ப இது ரோடு" என்றார்.

சனிக்கிழமை மகளின் கார் வந்தது. மகள் இன்ஜினை அணைக்கவில்லை. அம்மாவின் பையும் டிக்கியிலேயே இருந்தது.

மனைவி நாற்காலியில் அமர்ந்து, கஜக்கோலின் ஆணியும் ரம்பமும் கீறிய கைகளை ஒருமுறை பார்த்தாள். அப்புறம் கைப்பிடிக் கட்டையை, சேலையின் நெசவு பார்க்கிற மாதிரி, முன்னும் பின்னும் தடவினாள். சிராய் எதுவும் குத்தவில்லை.

"யார் செஞ்சது?"

"நான்தான்."

"அப்ப கும்பிட்டுட்டுதான் ஏறணும்."

அவர் பின்னால் பிடிக்கப் போனார். "கையை எடுங்க" என்றாள்.

முதல் பத்தரை அடி சிரமமில்லாமல் போனது. மேடையில் திரும்பும்போது சக்கரம் கட்டையில் உரசியது. இரண்டாவது ஏற்றத்தில் பாதிக்கு மேல் அவளுடைய தள்ளு போதவில்லை. நாற்காலி ஒரு சாண் பின்னால் வந்தது.

"அம்மா!" என்று ஓடினாள் மகள். கஜக்கோல் அவளுக்கு முன்னால் பாய்ந்தார்.

"யாரும் கிட்ட வரக்கூடாது!"

சக்கரத்தை இறுக்கிப் பிடித்தபடி மூச்சு வாங்கினாள். கஜக்கோல் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அந்த வாரம் முழுக்க அவர் செய்த வேலைகளில் இதுதான் கஷ்டமானது. அவள் ஒரு தள்ளு தள்ளினாள். இன்னொன்று. பிறகு வாசலில் சமதளத்துக்கு வந்துவிட்டாள்.

லாரிக்காரர் கைதட்டினார். அவள் நாற்காலியை வீட்டுக் கதவின் பக்கம் உருட்டினாள். முன்சக்கரம் டொக்கென்று நின்றது.

நிலைப்படி. கதவுக்கு அடியில் குறுக்கே கிடக்கும் அந்த இரண்டங்குலக் கட்டை. வாரம் முழுக்கப் படிகளையே அளந்தவர், தினம் நூறு தடவை தாண்டுகிற இதை மறந்தே போயிருந்தார்.

"அப்பா..." என்றாள் மகள், மெதுவாக. "இன்னிக்கு எங்க வீட்டுக்குப் போயிடலாம்பா. இதைச் சரிபண்ணிட்டுச் சொல்லுங்க, நானே கொண்டுவந்து விடறேன்."

 கஜக்கோல் முற்றத்துக்கு இறங்கிப்போய் ரம்பத்தையும் உளியையும் எடுத்துக்கொண்டு திரும்பி, கதவடியில் மண்டிபோட்டார்.

மனைவி மகளைத் திரும்பிப் பார்த்தாள். "இவ்வளவு கஷ்டப்பட்டு ஏறினவ, உடனே இறங்கவா? இன்ஜினை அணைடி. பையை இறக்கு."

"இங்க வெயில் அடிக்குதும்மா. எவ்வளவு நேரம் உக்காந்திருப்ப?"

"அவர் அறுத்து முடிக்கிற வரைக்கும்." நாற்காலியின் பிரேக்கைப் போட்டாள். குனிந்து, ஆடிக்கொண்டிருந்த கதவை ஒரு கையால் விலக்கிப் பிடித்தாள். "ஏங்க, ரம்பம் இடது பக்கம் கோணுது பாருங்க. நிமிர்த்திப் பிடிங்க. ம், இப்ப சரி. அறுங்க."