ரசம் சுரண்டிய மூன்று எழுத்துகள்

1

அன்று லியாவ் அம்மாளின் கண்ணாடிக் கடையில் இருந்தவர்கள்: லியாவ் அம்மாள், என் தம்பி குன்ஹாய், நான். நான்காவது ஆள் கிடையாது. கீலுங் நகரில் பாதிப் பேர் தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லித் திரிகிறார்கள். அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன்.

கதைக்குள் என்னை 'மூத்தவர்' என்றே எழுதுவேன். தலைக்குனிவு வந்த இடத்தில் 'நான்' என்று போடும் வழக்கம் எங்கள் சாய் குடும்பத்தில் இல்லை.

2

முதல் தொடக்கம்: "மழை பெய்துகொண்டிருந்தது." (அடித்துவிட்டேன். கீலுங்கில் என்றைக்குப் பெய்யவில்லை?)

இரண்டாவது: "மூத்தவர் நல்லவர்தான், ஆனால்" (இதைப் பாதியிலேயே விட்டுவிட்டேன். எழுபத்தெட்டு வயதில் ஓர் 'ஆனால்' எழுதி முடிக்கத் தெம்பில்லை.)

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மூத்தவரின் கடைசித் தங்கை ஷூச்சின், வீட்டார் பேச்சை மீறி, எங்கள் தீவை ஆள வந்த படையோடு கடல் தாண்டி வந்த ஒரு சிப்பாயைக் கட்டிக்கொண்டு போனாள். அவர் பெயர் மா. இருபத்திரண்டு வருடங்களுக்குப் பிறகு அவர்கள் சொந்த வீடு வாங்கினார்கள். புதுவீட்டுக்கு உடன்பிறந்தவர்கள் எழுத்துக் கண்ணாடி கொடுக்க வேண்டும். நடுவில் வாழ்த்து. வலது ஓரத்தில் வீட்டுக்காரர் பெயர், முறையோடு. இடது ஓரத்தில் கொடுப்பவர்கள் பெயர், மூத்தவர் முதலில்.

[வலது ஓரத்தில் 'மைத்துனர் மா அவர்களுக்கு' என்று வரும். இடது ஓரத்தில் பெயர் போட்டவன் அந்த உறவை ஒப்புக்கொண்டவன் ஆகிறான். கூடத்தில் மாட்டுவது; ஊரே படிக்கும்.]

மூத்தவர் தன் பெயர் வேண்டாம் என்றார். குன்ஹாய் தலையாட்டிவிட்டுப் போய், பெயரைக் கடையில் கொடுத்துவிட்டான்.

3

சேதி காதில் விழுந்து மூத்தவர் கடைக்குள் நுழைந்தபோது கண்ணாடி மேசையில் குப்புறக் கிடந்தது. லியாவ் அம்மாள் முதுகுப் பக்கத்து ரசத்தை எழுத்து எழுத்தாகச் சுரண்டி, சுரண்டிய இடத்தில் சிவப்பை நிரப்புவாள். வாழ்த்து முடிந்திருந்தது. மா பெயரும் முடிந்திருந்தது. மூத்தவரின் பெயர், சாய் குன்யுவான், மூன்று எழுத்தும் சுரண்டியாயிற்று. சிவப்பு மட்டும் பாக்கி.

"பிரஷ்ஷைக் கீழ வைங்க."

"வச்சா காஞ்சிடும் பெரியவரே. என்ன விஷயம்?"

"என் பேருக்குச் சிவப்பு ஏறக் கூடாது."

"நல்லா வந்தீங்க போங்க! ரசம் போச்சே. போன ரசம் திரும்பி வருமா? நாளைக் காலைல குடிபோறாங்க. வேற கண்ணாடிக்கு நான் எங்க போவேன்?"

குன்ஹாய் குறுக்கே வந்தான். "அண்ணா, அந்த மனுஷனுக்குப் பல்லே பாதி கொட்டிப் போச்சு. இன்னுமா சிப்பாய், சிப்பாய்னு..."

"உன் பல்லு நல்லாத்தானே இருக்கு? அதால ஒரு உண்மை சொன்னா என்ன? என்னைக் கேட்டியாடா?"

"கேட்டா வேணாம்பீங்க. அதான் கேக்கல."

லியாவ் அம்மாள் சிரித்துவிட்டாள். "ரெண்டு பேரும் வெளிய நின்னு சண்டை போடுங்க. பெயின்ட்ல எச்சில் தெறிக்குது."

மூத்தவர்தான் ஜெயித்தார். (அவர் ஜெயிக்காத சண்டை அந்த வீட்டில் கிடையாது. அதுதான் இந்தப் பாத்திரத்தோடு எனக்கிருக்கும் தொல்லை.) நிறம் ஏறாத பெயர் இல்லாத பெயர் என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தார். ரசம் போன இடம் வெறும் கண்ணாடி, பின்னால் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

4

ஷூச்சின் அந்த மூன்று எழுத்துக்கும் பின்னால், வருடப்பிறப்புக்கு வாசலில் ஒட்டி மீந்த சிவப்புக் காகிதத்தை வெட்டி ஒட்டி, கண்ணாடியைக் கூடத்தில் மாட்டினாள். விருந்துக்கு வந்தவர்கள் எல்லோரும் படித்தார்கள். மற்றப் பெயர்களைவிட மூத்தவர் பெயர்தான் பளிச்சென்று இருந்ததாம்.

மூன்றாம் நாள் மூத்தவர் அதைக் கிழிக்கப் போனார். அந்தத் தம்பதியின் வாசலை அவர் மிதித்தது அதுதான் முதல் தடவை. மா எழுந்து, பழைய பழக்கத்தில், விறைப்பாக நின்றார்.

"வாங்க பெரியண்ணா," என்றாள் ஷூச்சின். "கிழிக்கத்தானே வந்தீங்க? ஸ்டூல் போடட்டுமா?"

"நான் போடாத பேரை நீ எப்படிப் போடலாம்?"

"நான் எங்க போட்டேன்? நீங்க ஓட்டையா விட்டுட்டுப் போனீங்க. அது வழியா சுவத்து ஈரம் தெரிஞ்சுது. அடைச்சேன். குத்தமா?"

மூத்தவர் ஸ்டூலில் ஏறினார். கண்ணாடியை ஆணியிலிருந்து தூக்கக் கை வைத்தார். உள்ளே அவர் முகம் தெரிந்தது. கீழே, ஸ்டூல் ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்திருந்த மாவின் நரைத்த தலையும் தெரிந்தது.

5

இங்கே ஒரு முடிவு வேண்டும். கிழித்தார், சாய் குடும்பத்தின் மானம் காப்பாற்றப்பட்டது என்று முடிக்கலாம். இறங்கி வந்து டீ குடித்தார் என்றும் முடிக்கலாம். என் பிள்ளைகள் படிக்க ஒன்று எழுதிப் பார்த்தேன்: "மூத்தவர் பெருந்தன்மையோடு" (நிறுத்திவிட்டேன். என் கைக்கே கூசியது.)

களைப்பாக இருக்கிறது. அவரை ஸ்டூலிலிருந்து நீங்களே இறக்கிவிடுங்கள், உங்களுக்குத் தோன்றியபடி.

ஒன்றை மட்டும் திருத்திவிடுகிறேன். இந்த ஊர் ஈரத்துக்குச் சிவப்புக் காகிதம் ஒரு வருடம்கூடத் தாங்காது, வெளுத்துவிடும். வருடப்பிறப்புக்கு முன்னால் கண்ணாடியை இறக்கிப் புதுக் காகிதம் ஒட்டுவது ஷூச்சின் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. ஒட்டுவது நான். ஸ்டூலைப் பிடிப்பது என் மைத்துனர்.