நாலு கட்டையே போதும்

மர டிப்போவில் அவனுக்குப் பெயர் கிட்டாரு. இசைக்குழுவில் அவனுக்குப் பெயர் டிப்போ. அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட யாருக்கும் தோன்றுவதில்லை. மரத்தூளுக்கு நடுவில் உட்கார்ந்து சீட்டு எழுதும்போது பாட்டுக்காரன், பாட்டுக்கு நடுவில் தும்மும்போது மரக்கடைக்காரன். "எந்த இடத்துலயும் நான் முழுசா இருக்கவே மாட்டேனா?" என்று ஒருநாள் மனைவியிடம் கேட்டான். "வீட்டுல மட்டும் முழுசா இருக்கீங்களாக்கும்" என்றாள் அவள். 

அந்தச் சனிக்கிழமை காலையில் அவன் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. சாயங்காலம் ஆறரைக்கு ஊர் மண்டபத்தில் நிகழ்ச்சி. ஆறு வருஷமாக அவன் குழு கல்யாண வரவேற்புகளில் மற்றவர்கள் பாட்டை வாசித்துக்கொண்டிருந்தது. பாதிப் பேர் மென்றுகொண்டே கேட்பார்கள், மீதிப் பேர் சத்தத்தைக் குறைக்கச் சொல்வார்கள். இன்றைக்குத்தான் முதல்முறையாகச் சொந்தப் பாட்டு, அவனே எழுதி மெட்டுப் போட்டது. ஆறு மாதமாக அதை முணுமுணுத்து முணுமுணுத்து டிப்போவில் மரம் ஏற்றுகிறவர்களுக்கெல்லாம் அது மனப்பாடம் ஆகிவிட்டிருந்தது.

பாடப்போகிறவள் அவன் தங்கை. இரண்டாம் வகுப்பு டீச்சர். போன வாரமே அவள் கறாராகச் சொல்லிவிட்டாள். "அண்ணா, அஞ்சு நாளும் பிள்ளைங்க முன்னாடி கத்துறேன். மிச்ச ரெண்டு நாளும் உன் முன்னாடி கத்துறேன். இந்தப் பாட்டும் சொதப்பிச்சுன்னா என்னை விட்டுடு, நான் தூங்கணும்." அவள் போனால் குழு போச்சு. மேளம் அடிப்பவனுக்குப் பட்டப்பெயர் இடி. அவனுக்கு விடியற்காலையில் பேக்கரி வேலை, சாக்குக் கிடைத்தால் போதும், போர்வையை இழுத்துவிடுவான். கீபோர்டு வாசிக்கும் பிரின்டர் ஊரிலுள்ள அலுவலகங்களிலெல்லாம் பிரின்டர் பழுது பார்க்கிறவன். அவனை எங்கே எப்போது கூப்பிடுவார்கள் என்று அவனுக்கே தெரியாது.

இப்படி நாலு திசையில் ஓடுகிற நாலு பேரை ஒரு கயிற்றில் கட்ட அவன் ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தான். எதுவாக இருந்தாலும் அவன் வழியாகத்தான் போகவேண்டும். நேரம் மாறினாலும் பாட்டு மாறினாலும் அவனிடம் சொல்லவேண்டும், அவன் மற்றவர்களுக்குச் சொல்வான். ஒரு கல்யாணத்தில் ஆளுக்கொரு பேச்சாகப் போய், இடி ஒரு பாட்டும் பிரின்டர் இன்னொரு பாட்டும் ஒரே நேரத்தில் தொடங்கி, மாப்பிள்ளையே சிரித்துவிட்ட பிறகு வந்த சட்டம் அது. யாரும் மீறியதில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

பத்து மணிக்குத் தங்கை போன் செய்தாள். அப்போது வாசலில் ஒரு லாரி நின்றது. புதுவீட்டுக் கூரைக்காக ஐந்து பெரிய உத்திரக் கட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன. உள்ளே ரம்பம் ஓடுகிற இரைச்சல். தங்கை காற்றுமாதிரிப் பேசினாள். "அண்ணா, தொண்டை போச்சு. டாக்டர் பேசவே கூடாதுன்னுட்டாரு. சாயங்காலம் பாடத்தான் வாயைத் திறப்பேன். சவுண்ட் செக்குக்கும் வரல. அஞ்சு கட்டை எட்டாது. நாலுக்கு இறக்கிடு."

பாட்டுக்காரர்களுக்குக் கட்டை என்றால் சுருதி. ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையில் விரல் வைத்துப் பாட்டைத் தொடங்குவது என்ற கணக்கு. எண் ஏற ஏறத் தொண்டையும் கூடவே ஏறவேண்டும். ஆறு மாதமாக அவர்கள் ஐந்து கட்டையில் பழகியிருந்தார்கள்.

ரம்பச் சத்தத்தில் அவனுக்குப் பாதிதான் காதில் விழுந்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மெதுவாகப் பேசுகிறவளுக்கும் சேர்த்து அவனே கத்தினான். "என்னது? அஞ்சு கட்டை வேணாமா? சரி சரி! நாலு கட்டையே போதும்! ஒண்ணை இறக்கிடறேன், கவலைப்படாதே!"

போனை வைத்துவிட்டுப் பிரின்டரின் எண்ணைத் தேடினான். பின்னால் முதலாளியின் செருப்புச் சத்தம்.

"ஏய் கிட்டாரு, மூணு மணிக்குப் போகட்டுமான்னு கேட்டே, போன்னு சொன்னேன். அதுவரைக்குமாவது இங்க இரேன்பா."

போன் சட்டைப் பைக்குள் போனது. அதன்பின் ஒருவர் பின் ஒருவராக ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். கதவுக்குப் பலகை, கட்டிலுக்குச் சட்டம், சீட்டு எழுது, கிழி, கொடு. நடுநடுவே மூலையில் சாத்தி வைத்த கிட்டாரைப் பார்ப்பான், கடிகாரத்தைப் பார்ப்பான். நாலு கட்டை விஷயம் முடிந்தது என்றே அவன் மனசு நினைத்துக்கொண்டது. வாய்விட்டுச் சொல்லியாயிற்றே, அந்தத் தெருவுக்கே கேட்டிருக்கும்.

மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. கைகழுவிவிட்டு, கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பில் ஒரு கால் நுழைத்துவிட்டான். அப்போதுதான் முதலாளியின் மேசை போன் அடித்தது. முதலாளி கேட்டுக்கொண்டே இருந்தார். முகம் மாறிக்கொண்டே இருந்தது.

"அந்தப் புதுவீட்டுக்காரங்க. அஞ்சு கட்டைன்னு சீட்டுல இருக்கு, நாலுதான் வந்திருக்காம். கிரேனை வரவழைச்சு நிறுத்திவெச்சிருக்காங்களாம். அஞ்சு மணிக்கு அது வேற இடத்துக்குப் போயிடுமாம். என்னய்யா இது?"

"நான் அஞ்சுன்னுதான் எழுதினேன் முதலாளி."

"எழுதினே சரி. ஏத்தினியா? சின்ன லாரியில ஒரு கட்டையை ஏத்திக்கிட்டு நீயே போ. இறக்கி, அவங்ககிட்ட கையெழுத்து வாங்கிட்டு, அப்புறம் எங்கவேணாப் போய்ப் பாடு, ஆடு, எனக்கென்ன!"

இரண்டாவது கால் செருப்புக்குள் போகவே இல்லை. சரி, வேலையையே விட்டுவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. அந்த நொடி நன்றாகத்தான் இருந்தது. அடுத்த நொடி வீட்டு வாடகை, பையனின் பள்ளிக்கூடம் எல்லாம் வரிசையாக வந்து நின்றுகொண்டன. லாரிக்கு நடந்தான்.

கூட வந்தவர் மீசை அண்ணன். மரம் ஏற்றும் ஆட்களில் மூத்தவர், பேச்சுக்கு முன்னால் மீசை வரும் மனிதர். டிரைவருக்கும் அவருக்கும் நடுவில், மடியில் கிட்டாரை வைத்துக்கொண்டு நம்மாள் உட்கார்ந்தான். சிக்னலுக்குச் சிக்னல் சிவப்பு. முழங்கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"எந்தப் புத்திகெட்டவன் ஒரு கட்டையை இறக்கினான்னு தெரியல அண்ணே. அவன் மட்டும் என் கையில கிடைச்சான்..."

மீசை அண்ணன் தொண்டையைச் செருமினார். "நான்தான் தம்பி."

"நீங்களா!"

"ஏத்தினதுதான். நீங்கதானே போன்ல கத்துனீங்க, அஞ்சு கட்டை வேணாம், நாலே போதும், ஒண்ணை இறக்கிடறேன்னு. வீட்டுக்காரங்கதான் பேசுறாங்கன்னு நெனச்சேன். கனமான கட்டை தம்பி. மூணு பேரு சேர்ந்து இறக்கினோம்."

அவனுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. பாட்டுக் கட்டைக்கும் மரக் கட்டைக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டு சிக்னல் நேரம் விளக்கினான். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ உங்க தங்கச்சி தொண்டைக்கு நாங்க முதுகு ஒடிஞ்சோமா?" என்றார் கடைசியில்.

டிரைவர் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். நம்மாள் சிரிக்கவில்லை. யார்மேல் கோபப்படுவது என்று தேடித் தேடிப் பார்த்தும் அவன் வாயைத் தவிர வேறு ஆள் அகப்படவில்லை.

கட்டை கிரேனில் தொங்கும்போது மணி நாலே முக்கால். அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு வெடிப்பு தெரியுதே" என்று தச்சர் தொடங்கினார். வெடிப்பு இல்லை, கோடுதான் என்று அவருக்குப் புரியவைக்கப் பத்து நிமிஷம். கையெழுத்துப் போடவேண்டிய வீட்டுக்காரர் வெளியே போயிருந்தார். அவர் வந்து சேர்ந்தபோது ஆறு. பிரின்டர் கூப்பிட்டான்.

"டிப்போ, எங்கடா இருக்கே? நாமதான் முதல்ல. ஆறரைன்னா ஆறரைதானாம்."

"தள்ளச் சொல்லு! காலைப் பிடி, கெஞ்சு, என்ன வேணாப் பண்ணு!"

"பண்ணிட்டேன். முடியாதுங்கறாங்க. நீ வரலைன்னா உன் பங்கையும் நான் கீபோர்டுலயே வாசிச்சுடவா?"

 ஆறு வருஷம் காத்திருந்தும் அந்தப் பாட்டில் அவன் இருக்கப்போவதில்லை. "வாசி" என்றான்.

"வேற எதாவது சொல்லணுமா?"

"ஒண்ணுமில்ல. வெச்சுத் தொலை."

மண்டப வாசலில் லாரி நின்றபோது மணி ஆறு முப்பத்தைந்து. கிட்டாரோடு குதித்து ஓடினான். மீசை அண்ணனும் பின்னாலேயே வந்தார். நான் இறக்கின கட்டை எப்படிப் பாடுதுன்னு பார்க்கவேண்டாமா என்றார். கதவைத் தள்ளியதுமே பாட்டு வந்து மோதியது. அவனுடைய பாட்டு. நிற்க நேரமில்லாத ஒருத்தனைப் பற்றிய பாட்டு, அதுவும் கடைசிச் சரணம். ஆறு வருஷத்தில் முதல்முறையாகத் தன் குழுவை எதிரே நின்று கேட்டான். அடடா, நன்றாகத்தான் இருக்கிறார்களே என்று தோன்றியது. இடி அடிக்கிற அடியில் முன்வரிசை நாற்காலிக் கால்கள்கூடத் தாளம் போட்டன.

ஆனால் ஏதோ சரியில்லை. தங்கையின் கழுத்து நரம்பு கடைசி வரிசைவரைக்கும் தெரிந்தது. ஒவ்வொரு வரியையும் அவள் கிணற்றிலிருந்து வாளியை இழுப்பதுபோல இழுத்துக்கொண்டிருந்தாள். கண் பிரின்டர்மேல் இருந்தது. பிரின்டரோ ஒன்றும் தெரியாத பிள்ளையாகத் தலையாட்டி வாசித்துக்கொண்டிருந்தான்.

நம்மாளின் விரல் கிட்டார் கழுத்தில் தானாகப் போய் உட்கார்ந்தது. சுருதியைப் பார்த்தது. ஐந்து கட்டை.

 பிரின்டருக்கு அவன் சொல்லவே இல்லை. காலையில் சொல்லவில்லை. ஆறு மணிக்கு, வேற எதாவது சொல்லணுமா என்று வாயைத் திறந்து கேட்டானே, அப்போதும் சொல்லவில்லை. அவன் வழியாகத்தான் எல்லாம் போகவேண்டும் என்று சட்டம் போட்டவன் அவன்தான். அவன் வழியாக அது எங்கேயோ போய், ஒரு லாரியிலிருந்து இறங்கியிருந்தது.

மேடையில் உச்ச வரி வந்துவிட்டது. "கொஞ்சம் நில்லுன்னு யாராச்சும் சொல்லுங்க" என்கிற வரி. 'நில்லு' என்கிற இடத்தில்தான் மெட்டு கூரைமேல் ஏறும். தங்கை மூச்சை இழுத்தாள். "கொஞ்சம் நி..." அதோடு குரல் நின்றுவிட்டது. இடியின் கை அந்தரத்தில் நின்றது. பிரின்டர் பயந்து விரலை எடுத்தான்.  நம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

அப்போது முன்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். அப்புறம் நாலைந்து பேர். அப்புறம் மண்டபம் முழுக்க. "நில்லுன்னு சொல்லும்போதே எல்லாத்தையும் டக்குனு நிறுத்திட்டாங்க பாரு, என்னமா யோசிச்சிருக்காங்க!" என்று அவனுக்கு முன்னால் இருந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவர் தொடையில் தட்டிச் சொன்னார். தங்கை கைகூப்பினாள், திரும்பினாள், மேடைப் படியில் விடுவிடுவென்று இறங்கிப் போனாள்.

மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. மடக்கு நாற்காலிகள், ஒயர்ச் சுருள்கள், ஒரு மேசை. தங்கை மேசைமேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. "வெளிய தூள் கிளப்புறாங்கடா டிப்போ! ஆனா இவ ஏன் நிறுத்தினா?" என்று ஓடிவந்த பிரின்டரை அவன் கையமர்த்தினான்.

"தப்பு என்மேல" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். தங்கை கையைத் தூக்கி நிறுத்தினாள். ஏதோ பேசப் பார்த்தாள். காற்றுகூட வரவில்லை. பையிலிருந்து பிள்ளைகளின் நோட்டைத் திருத்தும் சிவப்புப் பேனாவை எடுத்து, நிகழ்ச்சி நிரல் தாளின் பின்பக்கம் எழுதி அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

சொன்னியா?

அவன் தலை குனிந்தது. கதவோரம் நின்ற மீசை அண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

"சொன்னாரும்மா" என்றார். "நல்லா சத்தமாத்தான் சொன்னாரு. ஆனா என்கிட்ட சொல்லிட்டாரு. நானும் ஒண்ணை இறக்கிட்டேன்."

தங்கை அவரைப் பார்த்தாள். வேட்டியில் ஒட்டியிருந்த மரத்தூளைப் பார்த்தாள். அண்ணன் தலைமயிரில் இருந்த மரத்தூளைப் பார்த்தாள். எது எங்கே இறங்கியது என்று அவளுக்குப் பிடிபட ஒரு நிமிஷம் ஆயிற்று. அப்புறம் அவள் தோள் குலுங்கத் தொடங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று இடி குனிந்து பார்த்தான். சத்தமே வராத சிரிப்பு. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் தாரையாக வந்தது, அதில் கொஞ்சம் அழுகையும் இருந்திருக்கும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாளைத் திரும்ப வாங்கி, இன்னொரு வரி எழுதினாள். இந்தமுறை அண்ணனிடம் நீட்டவில்லை. அவனைத் தாண்டிக் கை நீட்டி, நேராகப் பிரின்டரிடம் கொடுத்தாள்.

பிரின்டர் உரக்கப் படித்தான்.

"அடுத்த தடவை மூணு கட்டை. இனிமே நானே சொல்லிக்கறேன்."